நாற்பத்தொன்றாம் சதுரம்

"இன்சூரன்ஸா?" என்றார்.
இல்லை என்றேன்.
"மீன்வளத் துறையா?"
அதுவும் இல்லை.
உங்கள் படகின் துரு வேண்டும் எனக்கு,
படமாக.

லூனன்பர்க் துறையில் காலை ஆறேகால்.
மற்றவர்கள் எல்லாம் எதிர்க்கரையில்
முக்காலி நட்டு,
சிவப்புக் கிடங்குகளின் மேல் வெயில் விழக் காத்திருக்க,
நான் இந்தப் பக்கம்
சிப்பி அள்ளும் ஓர் இரும்புப் படகின் பின்புறத்தோடு
மூக்கு உரச நின்றிருந்தேன்.

மொன்றியலில் ஒரு கம்பனி, வீடியோ விளையாட்டு செய்கிறது.
திரைக்குள் துறைமுகம் கட்டுகிறார்கள்.
கட்டிய சுவருக்கெல்லாம் தோல் வேண்டும்.
தோல் பொறுக்குவது என் வேலை.

பொறுக்கினேன்.
கட்டுத்தறியின் கழுத்தில் வடம் இழைத்த வழவழப்பு.
நீர் வற்றிய தூண்களில் கொட்டலசு,
நூறு வாய், ஒரு பேச்சில்லை.
வலைக் குவியலில் சிக்கிய ஒற்றைக் கையுறை
யாரையோ சுட்டிக் காட்டியபடி.
'எச்சரிக்கை' என்பது மட்டும் நிற்க,
எதற்கு என்பது உரிந்துபோன பலகை.

பிறகு துரு.
துருவில் எத்தனை நிறம்!
வெங்காயத் தோல், பனங்கட்டி, வறுத்த மல்லி,
இரண்டாம் நாள் மீன்குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
இரும்புக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வில்லர்ட் கார்க்கம் அவர் பெயர்.
அவர் சுரண்டிக்கொண்டே வந்தார்,
நான் ஒரு முழம் முன்னால் படம் எடுத்துக்கொண்டே போனேன்.
"சீக்கிரம். உன் துருவை நான் தீர்த்துவிடுவேன்."
மத்தியானம் பாதி சாண்ட்விச் தந்தார்.
அதிலும் கொஞ்சம் நீலப் பெயிண்ட்.

சாயங்கால வெயில் பக்கவாட்டில் வந்தது.
தாழ்ந்த வெயிலுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

விடுதி அறையில் படத்தைப் பெரிதாக்கினால்
துருவுக்குள் ஓர் உரு.
மூன்று பூச்சுக்கு அடியில்
யாரோ அராவித் தேய்த்தும் போகாத வெல்டிங் தழும்பு.
ஓர் எம். அரை ஏ. பிறகு ஒரு வளைவு.
இப்போது அந்தப் படகுக்கு இருக்கும் பெயரில்
எம் கிடையாது.

மறுநாள் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
பக்கத்தில் ஒரு லாரி
ஐஸ் முழுவதையும் கொட்டி முடிக்கும்வரை பார்த்தார்.
"அது பழைய பேர்.
அந்தப் பேரில் ஐந்து பேர் போனோம்.
நாலு பேர் வந்தோம்."

அவர் சொன்ன ஆங்கிலத்தில்
அவை இரண்டு வேறு சொற்கள்.
எனக்குள் வந்து விழுந்தபோது
ஒன்றாகிவிட்டன.

"இது எங்கே போகும்?"
ஒரு சுவருக்கு.
"அந்தச் சுவரைச் சுடுவார்களா?"
சுடுவார்கள் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.
"சுவர்தானே" என்றார். "மூழ்காது."
தூரிகையை நனைத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு.
கண்ணைப் பிடித்து இழுக்கும் எதுவும் சதுரத்தில் இருக்கலாகாது.
ஒரே சதுரத்தைத்தான் சுவர் முழுக்க அடுக்குவார்கள்.
அதே தழும்பு இருபது தடவை வந்தால்
விளையாடும் பையன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான்
சுவர் பொய் என்று.
அதனால் அழிக்க வேண்டும்.
பக்கத்துத் துருவை எடுத்து மேலே ஒட்டினால் போதும்,
அரை நிமிட வேலை.
அரை நிமிடம் என்னிடம் இல்லாமல் நாலு நாள் போயிற்று.

வியாழக்கிழமை மடல் வந்தது:
நாற்பத்தொன்றாம் சதுரம்,
இடது மூலையில் ஏதோ எழுத்து மாதிரி தெரிகிறது,
சரிசெய்து அனுப்பவும்.

நாற்பத்தொன்றை எடுத்துவிட்டு
கட்டுத்தறியை அனுப்பினேன்.
அருமை என்று பதில் வந்தது.

கேமராப் பட்டையில் ஒரு விரலகல நீலம்.
எங்கே சாய்ந்தேனோ.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்,
உள்ளே இன்னும் காயவில்லை.